‘எதிர்பாராத விதமாக’ என்று இனி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை நாற்பது வருஷமாகப் படிக்கிறேன். ஒரு குறை சொல்லத்தான் இந்தக் கடிதம். மாவட்டச் செய்திப் பக்கத்தில் தினமும் ஒன்றாவது இப்படி வருகிறது: இருசக்கர வாகனத்தில் சென்றவர் சாலையின் வலதுபுறம் திரும்பியபோது பின்னால் வந்த வேன் எதிர்பாராத விதமாக மோதியது. ஊர் மாறும், வேனுக்குப் பதில் லாரி வரும், கார் வரும். அந்த ‘எதிர்பாராத விதமாக’ மட்டும் மாறவே மாறாது. ஈய எழுத்து கோர்த்த காலத்தில் அந்த இரண்டு வார்த்தையையும் ஒரே கட்டையாக வார்த்து வைத்திருந்தார்களோ என்னவோ.

யார் எதிர்பார்க்கவில்லை? முன்னால் போனவர், பின்னால் ஒரு வேன் வரும் என்று எதிர்பார்க்கவில்லையா? இல்லை வேன்காரர், முன்னால் போகிறவர் திரும்புவார் என்று எதிர்பார்க்கவில்லையா? முதலாவது என்றால் அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டாவது என்றால் முன்னால் போனவர் கை காட்டவில்லை, அல்லது காட்டிய விதம் சரியில்லை. இரண்டுமே வானத்திலிருந்து விழுந்த இடி இல்லையே. கை காட்டுவது எதற்கு? பின்னால் வருகிறவனை எதிர்பார்க்க வைப்பதற்குத்தானே?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முப்பத்தொரு வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன் நான். திருச்சியை மையமாக வைத்துக்கொண்டு பெரம்பலூர், அரியலூர், துறையூர், தஞ்சாவூர் என்று எல்லாமே பைக்கில்தான். மழை, வெயில், சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு வரும் மாதங்கள், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாகப் போகும் மத்தியானங்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அதைவிடப் பெரிய தகுதி ஒன்று இருக்கிறது. நானே ஒரு ‘எதிர்பாராத விதமாக’ ஆனவன்.

1998. அப்போது சென்னை ரோடு நாலு வழியாகவில்லை, போக ஒன்று வர ஒன்றுதான். பாடாலூர் தாண்டி வலது பக்கம் பிரியும் ஒரு கிராமத்து ரோட்டில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள் போகவில்லை என்றால் அவர் கிளம்பிவிடுவார். முக்கு வந்ததும் வலது கையை நீட்டினேன், திரும்பினேன். அவ்வளவுதான் ஞாபகம். அப்புறம் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், என் பையிலிருந்த சாம்பிள் மாத்திரை அட்டைகளை இரண்டு பையன்கள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இடித்த வேனின் டிரைவர்தான் தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். நல்ல மனுஷன், ஓடவில்லை. வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், கை காட்டினேனே, கண்ணு தெரியலையா என்று. அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை சொன்னார்: "கையைக் காட்டுனீங்க சார், இல்லைன்னு சொல்லலை. காட்டுன கையோட திரும்பிட்டீங்களே."

வலது பக்கம் காறை எலும்பு முறிந்திருந்தது. அதற்கு அந்தக் காலத்தில் இரண்டு தோளையும் சுற்றி முதுகில் குறுக்கே வருகிற மாதிரி ஒரு கட்டுப் போடுவார்கள், ‘எட்டுக் கட்டு’ என்றே பெயர். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினவனுக்கு எட்டுக் கட்டு. ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வந்து காட்டினார். அதில் என் வயதில் மூன்றைக் கூட்டிப் போட்டிருந்தார்கள், ‘எதிர்பாராத விதமாக’ மட்டும் சரியாக இருந்தது.

கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த டிரைவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வேன் ஒரு நொடியில் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிவிடும். என் கை தெரிகிறது, அது மூளைக்குப் போகிறது, கால் பிரேக்குக்குப் போகிறது, இதற்கே ஒரு நொடி ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் வண்டி இருபது மீட்டருக்கு மேல் வந்தாயிற்று, பிரேக்கே இன்னும் பிடிக்க ஆரம்பிக்கவில்லை. நான் கையை நீட்டியிருந்ததோ ஒரு நொடிகூட இருக்காது. அவருக்கு நான் தகவல் சொல்லவில்லை. நான் சாகப் போகிற விஷயத்தை அறிவித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நம் ஊரில் கை காட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் காட்டுகிறார்கள். கை நீட்டியாயிற்று, இனிமேல் ரோடு எனக்குச் சொந்தம், பின்னால் வருகிறவன் நின்றுகொள்ள வேண்டியது அவன் பொறுப்பு. ஏதோ டிராபிக் போலீஸ் மாதிரி. கை காட்டுவது உத்தரவு இல்லைங்க, அது கேள்வி. "நான் திரும்பலாமா?" என்று பின்னால் இருப்பவனைக் கேட்கிறோம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா? அவன் வேகத்தைக் குறைத்தானா, ஒதுங்கினானா, இல்லை ஹாரனை அழுத்திக்கொண்டு அதே வேகத்தில் வருகிறானா என்று கண்ணாடியில் பார்த்த பிறகுதானே திரும்ப வேண்டும்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 121ஆவது பிரிவு, வண்டி ஓட்டுகிறவர் உரிய சைகை காட்டியே ஆக வேண்டும் என்கிறது. அடுத்த வருஷம் வந்த சாலை விதிகளில் ஐந்து சைகையும் எழுத்தில் இருந்தன. வேகம் குறைக்க, வலது கையை நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிற்க, முழங்கையை மடக்கி முன்கையை நேரே மேலே தூக்க வேண்டும். வலது திரும்ப, கையை நேராகக் கிடையாக நீட்டி உள்ளங்கை முன்னால் பார்க்க வைக்க வேண்டும். இடது திரும்ப, அதே வலது கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பின்னால் வருகிறவரை முந்தச் சொல்ல, கையை நீட்டி முன்னும் பின்னும் அரை வட்டமாக வீச வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017இல் வேறு விதிகள் வந்துவிட்டன, ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் சுவரில் இன்னமும் தொங்குவது இந்த ஐந்து படம்தான்.

படத்தை உற்றுப் பாருங்கள், எல்லாம் வலது கை. ஏனென்றால் அது காருக்கும் லாரிக்கும் யோசித்தது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கிறது, ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது, இடது கையை எங்கே நீட்டுவது? பைக்கில் கதையே வேறு. வலது கையில்தான் ஆக்சிலேட்டர், வலது கையில்தான் முன் பிரேக். அந்தக் கையை எடுத்துவிட்டு ரோட்டில் காற்றில் வட்டம் சுற்றச் சொல்கிறார்கள், அதுவும் இடது பக்கம் திரும்புவதற்கு! இடது கை சும்மா கிளட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை நீட்டினால் போதும், பின்னால் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் புரியும். நான் பார்த்த வரையில் பைக்கில் யாரும் வலது கையைச் சுற்றி இடது திரும்பியதில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் தவிர. அப்படியே யாராவது சுற்றினாலும், பின்னால் வருகிறவர் ‘முந்திப் போ’ என்கிறாரோ என்று நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

வலது கையை எடுப்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எனக்கு இது புரியவே பல வருஷம் ஆயிற்று. கையை எடுத்த உடனே ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பிக்கொள்ளும், இன்ஜின் இழுத்துப் பிடித்து வண்டியின் வேகம் குறையும். ஆனால் நாம் பிரேக்கைத் தொடவில்லை, அதனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருகிறவன் கையைப் பார்க்கிறான், வண்டி வேகம் குறைவதை மட்டும் பார்ப்பதில்லை. அவன் அதே வேகத்தில் வந்துகொண்டிருப்பான், இடைவெளி மளமளவென்று சுருங்கும். அதனால் கை நீட்டும்போது வலது காலால் பின் பிரேக்கை லேசாக ஒரு மிதி மிதித்து வைப்பேன், நிறுத்துவதற்கு இல்லை, சிவப்பு விளக்கு எரிவதற்கு. கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால் இடது கை பிரேக்கை லேசாகத் தொடலாம். இதை எந்த டிரைவிங் ஸ்கூலிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வலது பக்கம் காட்டுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட மனசில்லை, அதனால் இந்த வித்தை. பின்னால் இருப்பவனுக்கு உங்கள் முதுகுதான் தெரியும் சாமி, மார்பில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதற்கு அடுத்தபடி, மணிக்கட்டை மட்டும் ஈ ஓட்டுவது மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுகிறவர்கள். அப்புறம் காலை நீட்டுகிறவர்கள். காலை நீட்டுவது ஆட்டோவிலிருந்து பைக்குக்கு வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். இதற்குள் இன்னொரு குழப்பம், கூட்டமாக பைக்கில் டூர் போகிற பையன்கள் காலை நீட்டினால் அந்தப் பக்கம் ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று அர்த்தமாம். பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லித்தான் தெரியும். ஒரே கால், ஒருத்தனுக்குத் திருப்பம், இன்னொருத்தனுக்குப் பள்ளம்.

போதாததற்கு வெளிநாட்டு வீடியோக்கள். அமெரிக்காவில் வண்டி வலது பக்கம் ஓடுகிறது, டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார், அதனால் அவர்களுக்கு எல்லாச் சைகையும் இடது கை. இடது முன்கையை மடக்கி மேலே தூக்கினால் அங்கே வலது திரும்புகிறேன் என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு பையன் தில்லைநகரில் என் முன்னால் இடது கையை அப்படித் தூக்கினான். யாரோ நண்பனுக்கு டாட்டா காட்டுகிறான் என்று நினைத்து நான் வலது பக்கமாக முந்தப் பார்த்தேன். நல்ல வேளை, இரண்டு பேரும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இவ்வளவு சொல்கிறாயே, இண்டிகேட்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இண்டிகேட்டர் போடாமல் கை மட்டும் காட்டச் சொல்ல நான் பைத்தியம் இல்லை. முதலில் இண்டிகேட்டர்தான். ராத்திரியிலும் மழையிலும் அது மட்டும்தான், கறுப்புச் சட்டைக் கை இருட்டில் யாருக்கும் தெரியாது, மழையில் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுவதும் முட்டாள்தனம். ஆனால் கத்திரி வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு, முன்னால் போகிற பைக்கில் கட்டைவிரல் அளவு இண்டிகேட்டர் மினுக்குவதைப் பாருங்கள், தெரிகிறதா என்று. அதுவும் பின்னால் ஏதாவது கட்டியிருந்தால் போயிற்று. பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டியிருப்பார், தண்ணீர் கேன், கீரைக்கட்டு, கோழிக்கூடை, பிளாஸ்டிக் குடம் விற்கிறவர் என்றால் அவரே தெரியமாட்டார், குட மலை ஒன்று தானாக நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். அவர் கையை எட்டும் மட்டும் வெளியே நீட்டினால்தான் உண்டு.

அப்புறம் இண்டிகேட்டரின் பெரிய வியாதி, போட்டவர் அணைக்க மறப்பது. கார் என்றால் ஸ்டீயரிங் திரும்பி வந்ததும் தானாக அணைந்துவிடும். நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கட்டைவிரலால் நாமேதான் அணைக்க வேண்டும். டிவிஎஸ் டோல்கேட்டில் போட்ட வலது இண்டிகேட்டர் திருவெறும்பூர் வரைக்கும் எரிந்துகொண்டே போவதைப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். அப்படி எரிவதைப் பார்த்துப் பார்த்தே நமக்கு இண்டிகேட்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது. நீட்டிய கையை யாரும் மறந்து வைத்துவிட முடியாது. அதனால்தான் பகலில் வலது திருப்பத்துக்கு, இண்டிகேட்டரோடு கையும் வேண்டும் என்கிறேன். விளக்கைப் பார்த்தால் சந்தேகம் வரும், கையைப் பார்த்தால் முன்னால் போகிறவன் நிஜமாகவே ஏதோ செய்யப் போகிறான் என்று தெரியும்.

லாரிக்காரர்கள் இதை இன்னும் சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் சில நேரம் இடது திரும்புகிறது, சில நேரம் ‘நீ முந்திப் போ’ என்கிறது. காரில் வருகிறவர்களோ நாலு விளக்கையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு முச்சந்தியை நேராகக் கடக்கிறார்கள். பக்கத்து ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டும்தான் தெரியும், வண்டி நம் பக்கம் திரும்புகிறது என்று நினைத்து அவன் கிளம்புவான். நாலு விளக்கும் வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு. இதை எழுதினால் தனிக் கடிதம் ஆகும், விடுகிறேன்.

என் வீட்டில் 25 வருஷமாக இன்னொரு இண்டிகேட்டர் இருந்தது, என் மனைவி. பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள். இடது பக்கம் பார்த்துத்தானே உட்கார முடியும்? அதனால் இடது திருப்பம் என்றால் நான் சொல்வதற்கு முன்னாலேயே கையை நீட்டிவிடுவாள். வலது திருப்பத்துக்கு முதுகுப் பக்கமாக அல்லவா நீட்ட வேண்டும், முடியாது. ‘உங்க பக்கம் நீங்க பாருங்க’ என்பாள். அவள் நீட்டுகிறாளே என்று நான் சில நாள் இண்டிகேட்டர் போடாமலே விட்டிருக்கிறேன், அது தப்பு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. அடுத்தவன் விஷயம் என்றால் நம் ஆட்களுக்கு வருகிற கைச் சைகை இருக்கிறதே, உலகத்தில் எங்கேயும் இருக்காது. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பிப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்குள் பத்துப் பேர் கீழே கையைக் காட்டிக் கத்துவார்கள், ஒருத்தர் துரத்தி வந்தே சொல்வார். முந்தானை சக்கரத்துக்குப் பக்கத்தில் பறந்தால் டீக்கடையில் நிற்கிறவர்கூட டம்ளரை வைத்துவிட்டுக் கை காட்டுவார். பகலில் லைட் எரிந்தால் ஐந்து விரலையும் மூடி மூடித் திறந்து காட்டுவார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் லைட்டை அணைக்கவே முடியாது, கம்பெனியிலேயே எப்போதும் எரிகிற மாதிரிதான் வருகிறது. அது தெரியாத பெரியவர்கள் இன்னமும் விரலை மூடித் திறந்து என் மகனை எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவனும் தலையை ஆட்டிக்கொண்டுதான் போகிறான். அடுத்தவனுக்காக இவ்வளவு அக்கறையாக நீள்கிற அதே கை, தன் வண்டி திரும்பும்போது மட்டும் ஹேண்டில்பாரை விட்டு வர மறுக்கிறது.

லைசென்ஸ் கொடுக்கிற இடத்திலேயே கோளாறு ஆரம்பித்துவிடுகிறது. எட்டுப் போடச் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் வண்டி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரியும், வாஸ்தவம்தான். பின்னால் யாருமே வராத மைதானத்தில் போடுகிற எட்டு அது. என் அண்ணன் மகளைப் போன வருஷம் கூட்டிப் போயிருந்தேன். எட்டை முடித்துவிட்டு வரும்போது ‘கை காட்டும்மா’ என்றார் அதிகாரி, இவள் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கி இறக்கினாள். முடிந்தது. லைசென்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை, பார்ப்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, சோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. சைகை காட்டுவதற்கு முன்பும் திசை மாறுவதற்கு முன்பும் பின்புறக் கண்ணாடியைச் சரியாகப் பயன்படுத்துகிறாரா என்பதும் அதில் இருக்கிறது. புதிதாகச் சட்டம் போட வேண்டியதே இல்லை. மைதானத்தை விட்டு வெளியே அழைத்து வந்து, வண்டிகள் போகிற ரோட்டில் ஒரே ஒரு வலது திருப்பம் திரும்பச் சொன்னால் போதும்.

நான் எப்படித் திரும்புகிறேன் என்று சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். முக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கண்ணாடியைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டர் போடுவேன். அப்புறம் கை, தோள் உயரத்துக்கு நேராக, முழங்கை மடங்காமல். ‘சமயபுரம் மாரியம்மா’ என்று மனசுக்குள் மூன்று தடவை அவசரமில்லாமல் சொல்வேன், மூன்று நொடிக்கு மேலேயே ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் முப்பது மீட்டருக்கு மேல் போயிருப்போம், அதனால் முக்கிலேயே வந்து கை நீட்டினால் இந்தக் கணக்கு உதவாது. பின்னால் வருகிறவன் விட்டுக்கொடுக்கிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டின் நடுப்பக்கம் வருவேன். கை மறுபடி ஹேண்டில்பாருக்கு வந்துவிட வேண்டும், கை நீட்டியபடியே திரும்பக் கூடாது, திரும்பும்போது முன் பிரேக் கையில் இல்லாவிட்டால் எதிரே ஒரு நாய் வந்தாலும் போச்சு. திரும்புவதற்கு முன்னால் கடைசியாக வலது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எப்போதும் இருக்கும், பாதிப் பேர் அந்த மூலையிலிருந்துதான் வருவார்கள்.

இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்துவிட்டு அங்கேயிருந்தே கையைக் காட்டி ரோட்டைக் குறுக்கே வெட்டுவதுதான் மகா பாவம். மண், மேடு பள்ளம், வேகத்தடை, இறக்கத்தில் வளைவு, இங்கெல்லாம் கையை எடுக்கவே கூடாது.

நாலு வழிச்சாலையில் இது எதுவும் செல்லாது. சிறுகனூர் பக்கம் சென்டர் மீடியனில் இடைவெளி விட்டிருக்கும் இடங்களில், நூறு கிலோமீட்டரில் வருகிற காருக்கு முன்னால் கை நீட்டிக்கொண்டு வலது ஓரத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் தோள் வலிக்கிறது. அந்த வேகத்துக்கு நம் கை ஒரு ஈர்க்குச்சி. இடது ஓரமாக ஒதுங்கி நின்று, கால் ஊன்றி, இரண்டு பக்கமும் காலியானதும் கடக்கலாம். கீழே சப்வே இருந்தால் இரண்டு கிலோமீட்டர் கூடப் போனாலும் பரவாயில்லை, பெட்ரோல் எவ்வளவு செலவாகிவிடும்? வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் நிற்கும்போது பின்னால் வருகிற பையன்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், போகட்டும்.

இதற்கெல்லாம் எண் கேட்கிறவர்கள் உண்டு. மத்திய அரசின் 2022ஆம் வருஷக் கணக்குப்படி நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடுதான், 64,105. நாடு முழுக்க அந்த வருஷம் ரோட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இதில் எத்தனை பேர் வலது பக்கம் திரும்பும்போது போனார்கள் என்று உங்கள் செய்திகளைப் படித்து எண்ணிப் பார்க்கலாம் என்றால், அதற்குத்தான் வழியில்லையே, எல்லாம் ‘எதிர்பாராத விதமாக’ என்ற ஒரே மூட்டையில் அல்லவா கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நிருபர்கள் ஸ்டேஷனில் போய் எஃப்.ஐ.ஆர். பார்த்து எழுதும்போது ஏட்டய்யாவிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். இண்டிகேட்டர் போட்டிருந்ததா, கை காட்டினாரா? பின்னால் வந்த வண்டி என்ன வேகத்தில் வந்தது? தெரிந்ததை எழுதுங்கள், தெரியாவிட்டால் ‘மோதியது’ என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். செத்தவர் மேல் பழி போடச் சொல்லவில்லை, அவர் ஒழுங்காகக் கை காட்டியும் வேன்காரர் போன் பேசிக்கொண்டு வந்திருக்கலாம், அதுவும் வெளியே வரட்டுமே. அந்த ‘எதிர்பாராத விதமாக’வால் இரண்டு பேருமே தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ராசிபலனுக்குக் கீழே எப்படியும் ஒரு கட்டம் இடம் இருக்கும். அதில் பைக்கில் போகிறவர் எப்படிக் கை காட்ட வேண்டும் என்று படம் வரைந்து போடுங்கள், கார்காரர் படம் வேண்டாம், பைக்குக்காரர் படம். ஓவியருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன், சும்மாதான் இருக்கிறேன். வலது கை மட்டும் தோளுக்கு மேலே போகும்போது கொஞ்சம் கோணலாகத்தான் போகும், அதை அவர் பார்த்து நேராக வரைந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெடிக்கல் ரெப்,
ஸ்ரீரங்கம், திருச்சி.